கட்டடம் மிதக்கக் கூடாது

போர் முடிவதற்குள் கப்பல் முடிய வேண்டும் என்று அரசாங்கம் விரும்பியது. கப்பல் முடிவதற்குள் போர் முடிந்துவிடக் கூடாது என்று கப்பல் கட்டும் தளத்தின் மேற்பார்வையாளர் விரும்பினார். இரண்டு விருப்பங்களுக்கும் நடுவில், சாரத்தின் மேல் உட்கார்ந்து, செவேரினோ லஸ்த்ரா கம்பி கட்டிக்கொண்டிருந்தான்.

அவன் சுருட்டுச் சுற்றுகிறவன். புளோரிடாவின் மேற்குக் கரையில் பாயிண்ட் ரீத்தாவில் ஆண்களில் பாதிப்பேர் சுருட்டுச் சுற்றினார்கள். மீதிப்பேர் சுருட்டு முன்போல் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்பெயினிலிருந்தும் கியூபாவிலிருந்தும் அப்பன்மார்கள் வந்து இறங்கிய ஊர் அது. போர் வந்ததும் ஆலை பாதி மூடியது. அதே நேரத்தில் வாஷிங்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு வந்தது. சிமெண்ட் மிச்சம் இருந்தது. ஆகவே கப்பலைச் சிமெண்டில் கட்டலாம் என்று அங்கே ஒருவருக்குத் தோன்றியது.

ஊர் மன்றத்தில் டொமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் இதைக் கேட்டுக் காய்களைக் கீழே வைத்தார்கள்.

"கல்லு மிதக்குமாடா?" என்றான் ஒருவன்.

"ஏன் மிதக்காது? நம்ம செனட்டர் இத்தனை வருஷமா மிதக்கலையா?" என்றான் பெனிக்னோ. அவன் ஆலையில் செவேரினோவுக்கு அடுத்த இருக்கைக்காரன். வாய் நிற்காது.

மறுநாள் இருவரும் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஊரில் ஐம்பது பேருக்கு மேல் சேர்ந்தார்கள். கூலிக்காக மட்டும் இல்லை. கப்பல் கட்டுகிறவனைப் பட்டாளத்துக்குப் பிடிப்பதில்லை என்பது சட்டம். கட்டடம் கட்டுகிறவனுக்கு அந்தச் சலுகை இல்லை.

செவேரினோ கோழை இல்லை. வீரனும் இல்லை. அவன் மனைவி ஒப்தூலியா எட்டு வருடத்துக்குப் பிறகு முதல் முறையாகக் கர்ப்பமாக இருந்தாள். பிறக்கப் போகும் குழந்தை நடப்பதைப் பார்க்க அவன் விரும்பினான். அதற்கு மேல் அவனுக்குக் கொள்கை கிடையாது.

மேற்பார்வையாளர் பெயர் அல்வா ரென்ஷா. போருக்கு முன் கல்லறைகளுக்குச் சிமெண்ட் தேவதைகள் வார்த்து விற்றவர். தேவதையும் கப்பலும் கனமான பொருள்கள் என்பதால் அவருக்கு இந்தப் பதவி கிடைத்தது. சேர்ந்த ஒவ்வொருவருடைய சட்டையிலும் தன் கையாலேயே கப்பல் தொழிலாளி என்று பொறித்த பித்தளை வில்லையைக் குத்தினார். செவேரினோவிடம் வந்தபோது அவன் தோளில் கை வைத்தார்.

"சம்சாரம் முழுகாம இருக்காங்களாமே."

"ஆமாங்க."

"கவலையே படாதீங்க. அவளைக் கட்டி முடிக்கற வரைக்கும் பட்டாளத்திலேர்ந்து ஒருத்தனும் உங்க கதவைத் தட்ட மாட்டான். அல்வா ரென்ஷா வாக்குக் குடுக்கறேன்."

செவேரினோ சுற்றிப் பார்த்தான். பெண்கள் யாரும் இல்லை.

"எவங்க?"

"கப்பல்தான் தம்பி. அவ."

அமெரிக்கர்கள் கப்பலை அவள் என்பார்கள். செவேரினோவின் மொழியான ஸ்பானிஷில் கப்பல் ஆண். அவன் என்றுதான் சொல்லவேண்டும். சுருட்டு ஆலையில் யாரும் கப்பலைப் பற்றிப் பேசியதில்லை. ஆகவே இது ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை.

தளத்தில் அது பிரச்சினையானது. வாஷிங்டனிலிருந்து ஒரு தணிக்கையாளர் கேட்டிருந்தார்: சிமெண்ட், கம்பி, கொத்தனார், சாரம், சென்ட்ரிங் பலகை எல்லாம் இருக்கின்றன, இது கட்டடம் இல்லை என்பதற்கு என்ன சான்று? ரென்ஷா இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. வந்தபோது சான்றோடு வந்தார். கட்டடத்தை யாரும் அவள் என்று சொல்வதில்லை. ஆகவே எல்லோரும் அவள் என்று சொன்னால் அது கப்பல்.

சாரம் முழுக்கப் பலகைகள் தொங்கின. 'அவள்.' அவ்வளவுதான் எழுதியிருந்தது. புதிதாக வந்த ஒரு சரக்கு லாரி ஓட்டுநர் அதைப் பெண்கள் கழிப்பறை என்று நினைத்து எதிர்ப்பக்கம் போனார்.

பெட்டஸ் என்று ஒரு குமாஸ்தா மொழிக் கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்டார். சாரத்தின் அடியில் காதைத் தூக்கிக்கொண்டு நடப்பது அவர் வேலை. தளத்தில் பேச்சு ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். 'அது' என்று யாராவது சொன்னால், அந்த ஆள் இறங்கி வந்து, தொப்பியைக் கழற்றி, கப்பலிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். 'அவன்' என்று சொன்னால் என்ன செய்வதென்று விதியில் இல்லை. பெட்டஸ் முறைத்துவிட்டுப் போவார்.

"டேய், இடுக்கியை எடு. இவன் விலா வழியா கம்பி வெளிய வருது," என்பான் பெனிக்னோ.

"இவ."

"எவ?"

"கப்பல்டா. அந்த ஆளு கீழ நிக்கறான். இவன்னு சொல்லாதே."

"நான் இவனுக்கு உள்ள இறங்கி ஆறு மாசமா வேலை பாக்கறேன். எனக்குத் தெரியாதா இவன் ஆம்பளையா பொம்பளையான்னு?"

பெட்டஸ் அண்ணாந்து பார்ப்பார். பெனிக்னோ தொப்பியைத் தூக்கிக் காட்டுவான்.

செவேரினோ அப்படி விளையாடுகிறவன் இல்லை. இதற்குள் பெண் குழந்தை பிறந்திருந்தது. நியேவெஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். பனி என்று அர்த்தம். அந்த ஊரில் யாரும் பனி பெய்து பார்த்ததில்லை. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அவன் ஆங்கிலத்தில் பாடம் படித்தான்.

"அவ உறுதியானவ. அவ இடுப்பு அகலம். அவளைத் தண்ணில விட்டா ராணி மாதிரி போவா."

கறுப்புப் பயறு தாளித்துக்கொண்டிருந்த ஒப்தூலியா கரண்டியோடு வந்து நின்றாள்.

"யாரு இடுப்பு?"

"கப்பலோடது."

"கப்பலுக்கு ஏது இடுப்பு? பேரைச் சொல்லு."

"இன்னும் பேரு வைக்கலை."

"பேரில்லாதவளைப் பத்தி என் குழந்தை காதுல ஓதாதே."

தளத்திலேயே சுத்தமாக அவள் என்று சொல்கிறவன் செவேரினோதான் என்று பெட்டஸ் எழுதிக் கொடுத்தார். ரென்ஷா அவனை எல்லோர் முன்னும் கைகுலுக்கிப் பாராட்டினார். பெனிக்னோ சாயங்காலம் வரை அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டான்.

அடுத்த சிக்கல் சிமெண்டில் வந்தது. சிமெண்ட் அனுமதி கட்டடங்களுக்கு மட்டும் என்று வேறொரு வாரியம் அறிவித்தது. கப்பலுக்குச் சிமெண்ட் என்பது அவர்கள் கேள்விப்படாத விஷயம். ரென்ஷா ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று ஆட்களிடம் பேசினார்.

"நண்பர்களே, காலையில சிமெண்ட் வண்டி வந்து இறங்கற வரைக்கும் இது கட்டடம். இறங்கினப்புறம் இவ கப்பல். இதுல பொய்யே இல்லை. ஒரு மனுஷன் காலைல தூங்கறான், மத்தியானம் வேலை பாக்கறான். அவனை ரெண்டு ஆளுன்னு சொல்வோமா?"

கட்டடம் என்றால் நகராட்சி ஆய்வாளர் வருவார். வந்தார். நல்ல மனிதர். கட்டடத்துக்கு முகவரி வேண்டும் என்றார். கப்பலின் மூக்கில் கதவிலக்கம் மாட்டினார்கள். தீப்பிடித்தால் வெளியேறத் தரைமட்டத்தில் வெளிப்புறம் திறக்கும் கதவு வேண்டும் என்றார். தரைமட்டம் என்பது தண்ணீரில் இறக்கினால் நீர்மட்டத்துக்கு வெகு கீழே இருக்கும் இடம். அங்கே கதவு வைப்பதில் உள்ள சங்கடத்தை ஒரு பொறியாளர் விளக்கத் தொடங்கினார். ரென்ஷா அவரை ஜாடை காட்டி நிறுத்தினார். மறுநாள் கப்பலின் வயிற்றில் பச்சைச் சாயத்தில் ஒரு கதவு வரைந்தார்கள். கைப்பிடியும் வரைந்தார்கள்.

ஆய்வாளர் வந்து கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார்.

"பூட்டியிருக்கு," என்றார்.

"சாவி ஆபீஸ்ல இருக்கு," என்றார் ரென்ஷா.

அனுமதி கிடைத்தது.

கப்பலைக் கரையோரம் வெட்டிய பெரிய குழிக்குள் கட்டியிருந்தார்கள். கட்டி முடித்ததும் மதகைத் திறந்து கடலை உள்ளே விடுவது ஏற்பாடு. தண்ணீர் ஏற ஏறக் கப்பல் தானாக எழும். கோடையில் அந்த நாள் வந்தது. செனட்டர் வந்தார். வாத்தியக் குழு வந்தது. ஒப்தூலியா குழந்தைக்கு வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தாள். நண்டு உருண்டை விற்கிறவன் வண்டியோடு வந்தான்.

மதகு திறந்தது. தண்ணீர் ஏறியது. பச்சைக் கதவு மூழ்கியது. கதவிலக்கத்துக்குக் கை எட்டும் தூரம் வரை தண்ணீர் வந்தது. கப்பல் எழவில்லை.

வாத்தியக் குழு அதே பாட்டை மறுபடி வாசித்தது.

"சேறு பிடிச்சிருக்கு," என்றான் யாரோ.

"அவ கொஞ்சம் கூச்சப்படறா," என்றார் பெட்டஸ்.

செனட்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ரென்ஷா ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"சீமான்களே, சீமாட்டிகளே. நான் எத்தனையோ கப்பல்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரைக் கண்டதும் ஆடும், சாயும், அலையும். இவளைப் பாருங்கள். கடலே வந்து காலைப் பிடித்தும் அசையவில்லை. நம் தேசத்தின் உறுதிக்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்?"

எல்லோரும் கைதட்டினார்கள். நண்டு உருண்டை தீர்ந்துபோனது. மக்கள் வீட்டுக்குப் போனார்கள்.

வாஷிங்டன் கைதட்டவில்லை. மிதக்காத கப்பலுக்கு யார் பொறுப்பு என்று கேட்டது. விசாரணைக்கு மூவர் குழு வரும் என்றது. ரென்ஷாவின் முகம் இறங்கியது. சாப்பாட்டுக் கூடத்தில் சூப்பைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருப்பார், குடிக்க மாட்டார். பிறகு ஒருநாள் அந்த முகம் தெளிந்தது. அன்று செவேரினோவை அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். இதற்கு முன் அந்த அறையில் எந்தக் கம்பிக்காரனும் உட்கார்ந்ததில்லை.

"குழந்தை எப்படி இருக்கு?"

"பல்லு முளைக்குதுங்க. அழுவுது."

"நீங்கதான் நம்ம சாட்சி."

"நானா?"

"பெரிய பொறியாளரை எல்லாம் குழு நம்பாது. உழைக்கிற மனுஷன் வாயால கேக்கணும்னு சொல்றாங்க. இது கப்பலான்னு கேப்பாங்க. உங்க மனசுல இருக்கறதைச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

"அவன்னு... அவள்னு சொல்லணும். இல்லைங்களா?"

"மனசுல இருக்கறதை," என்றார் ரென்ஷா. எழுந்து வந்து அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

செவேரினோ அந்த வாரம் முழுக்க ஆங்கிலத்தில் பயிற்சி செய்தான். அவள் கப்பல். அவள் மிதப்பாள். அவளைச் சேறு பிடித்திருக்கிறது, விட்டுவிடும். ஒப்தூலியா எதிரில் உட்கார்ந்து குழுத் தலைவர் மாதிரிக் கேள்வி கேட்டாள். அவன் ஒரு தடவையும் தவறவில்லை.

விசாரணை சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. மூவரில் ஒருவர் ஓய்வுபெற்ற அட்மிரல். ஒருவர் வழக்கறிஞர். மூன்றாமவர் தலையசைக்க வந்திருந்தார். பெஞ்சுகளில் தொழிலாளிகள் நெருக்கி உட்கார்ந்தார்கள். செவேரினோ எழுந்து நின்றான்.

"மேற்பார்வையாளர் ஒரு நல்ல யோசனை சொல்லியிருக்கிறார்," என்றார் அட்மிரல். "சாட்சி தாய்மொழியிலேயே பேசலாம். பயப்பட வேண்டாம். மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார்."

மருந்துக்கடை தோன் எவெலியோ எழுந்து தலைவணங்கினார். ஊரில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். மருந்து நிறுக்கும்போது ஒரு துளி கூடவும் விடமாட்டார், குறையவும் விடமாட்டார்.

"எனக்கு இங்கிலீஷ்லயே சொல்லத் தெரியுங்க," என்றான் செவேரினோ.

"பாத்தீங்களா, எவ்வளவு பணிவு," என்றார் ரென்ஷா குழுவிடம்.

"இந்தச் சரக்குத் தோணி—" என்று அட்மிரல் தொடங்கினார்.

"கப்பல்னே கேளுங்க ஐயா," என்றார் ரென்ஷா. "மரியாதையா இருக்கும்."

"சரி. இந்தக் கப்பலைப் பற்றி உன் கருத்து என்ன?"

தோன் எவெலியோ அதைத் தங்கள் மொழியில் கேட்டார். செவேரினோ வாயைத் திறந்தான். தன் மொழியில் கப்பலை அவள் என்று சொல்வது அப்பா வந்தாள் என்று சொல்வதைப் போல. நாக்கு திரும்பவில்லை. பரவாயில்லை, மாற்றும்போது தோன் எவெலியோ சரியாக மாற்றிவிடுவார் என்று நினைத்தான்.

"நல்ல கப்பலுங்க. நாங்கதான் கட்டினோம். அவன் உறுதியானவன். அவன் மிதப்பான்."

தோன் எவெலியோ நிறுத்துக் கொடுத்தார். "அவன் உறுதியானவன். அவன் மிதப்பான்."



"அவனா?" என்றார் வழக்கறிஞர்.

"அவன்," என்றார் தோன் எவெலியோ. "சந்தேகமே இல்லை. ரெண்டு தடவை சொன்னாரு."

மூவரும் தலையை ஒன்றாகச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். கடற்படைக் கையேட்டைப் புரட்டினார்கள். செவேரினோ ஆங்கிலத்தில் "அவள், அவள்" என்றான். சாட்சி ஒருமுறைதான் சொல்லலாம் என்று வழக்கறிஞர் கையைக் காட்டினார். கடைசியில் அட்மிரல் நிமிர்ந்தார்.

"நான் நாற்பது வருடம் கடலில் இருந்தவன். கையேட்டில் அவள் உண்டு. இன்னும் தண்ணீருக்கு வராததை அது என்பதும் உண்டு. அவன் என்று ஒரு கப்பல் கிடையாது. கட்டியவனே அவன் என்கிறான். அப்படியென்றால் இங்கே இருப்பது என்ன?"

ரென்ஷா மெல்ல எழுந்தார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

"ஐயா, நான் எவ்வளவோ போராடினேன். ஆனா உழைக்கிற மனுஷன் வாயில பொய் வராது. ஒத்துக்கறேன். இது கட்டடம். குறிச்ச தேதிக்கு முன்னாடியே முடிஞ்ச கட்டடம். நாலு பக்கமும் கடல் சூழ்ந்தும் உள்ள ஒரு சொட்டு இறங்காத கட்டடம். தேசத்துல இப்படி இன்னொண்ணு இருந்தா காட்டுங்க."

மூன்றாமவர் தலையசைத்தார்.

மிதக்காத கப்பல் கட்டியதற்காக விசாரிக்கப்பட இருந்த ரென்ஷாவுக்கு, ஈரம் புகாத கிடங்கு கட்டியதற்காகப் பாராட்டிதழ் வந்தது. பாயிண்ட் ரீத்தாவில் கப்பல் கட்டியவர்கள் யாரும் இல்லை என்றும் முடிவானது. முதல் நாளிலிருந்தே எல்லோரும் கட்டட வேலைக்காரர்கள். பெட்டஸ் ஒரு கோணிப்பையோடு வந்து வில்லைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவர் இப்போது 'அவள்' என்று சொல்கிறவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு வீடாகப் பட்டாள அழைப்பு வந்தது. செவேரினோ மன்றத்துக்குப் போனான். டொமினோ மேஜையில் யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை.

"நான் என்னடா பண்ணுவேன். நம்ம பாஷைல வேற எப்படிச் சொல்றது?"

பெனிக்னோ காய்களைக் குலுக்கிக்கொண்டே சொன்னான். "ஒரு எழுத்துடா. அவ, அவன். ஒரே ஒரு எழுத்து. அதை முழுங்கியிருக்கக் கூடாதா?"

"தோன் எவெலியோ மாத்திச் சொல்வாருன்னு நெனச்சேன்."

"ஒவ்வொரு நாளும் எங்களைத் திருத்தினே. அவன்னு சொல்லாதே, அவன்னு சொல்லாதேன்னு உயிரை எடுத்தே. சொல்ல வேண்டிய எடத்துல போய்ச் சொல்லிட்டு வந்து நிக்கறே."

செவேரினோ தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். தன் நாக்கு ஊரையே விற்றுவிட்டது என்று அவனும் நம்பினான்.

அக்டோபரில் புயல் கரையைத் தொட்டுக்கொண்டு போனது. விடிந்தபோது கடல் குழிக்குள் வழக்கத்தைவிட உயரமாக ஏறியிருந்தது. வேலைக்கு வந்தவர்கள் கரையில் நின்றுவிட்டார்கள். சேறு விட்டிருந்தது. கட்டடம் மிதந்துகொண்டிருந்தது. ஒரு பக்கமும் சாயவில்லை. காற்றுக்கு மெல்ல மூக்கைத் திருப்பியது. பெனிக்னோ தொப்பியைக் கழற்றினான்.

செவேரினோ ஓடினான். ரென்ஷா அறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, மிதக்குதுங்க. வந்து பாருங்க. கப்பல்தாங்க அது."

"பாத்தேன். ஜன்னல் வழியா தெரியுது."

"அப்ப வாஷிங்டனுக்குச் சொல்லிடுவீங்க. எங்களை விட்டுருவாங்க."

"தம்பி, உக்காருங்க. ஒரு கட்டடம் இருக்கற எடத்தை விட்டு நகந்தா அதுக்கு என்ன பேரு?"

"கப்பல்."

"விபத்து. நம்ம பாராட்டு வாங்கின கட்டடம். அதுல விபத்து நடக்க விடலாமா? மணல் லாரிக்குச் சொல்லியிருக்கேன். அடித்தளம் முழுக்கக் கொட்டிட்டா மறுபடியும் நல்லா உக்காந்துரும்."

செவேரினோ உட்காரவில்லை.

"எனக்கு வாக்குக் குடுத்தீங்க."

"எப்ப?"

"சேர்ந்த அன்னைக்கு. கதவைத் தட்ட மாட்டாங்கன்னு."

"ஓ, அதுவா." ரென்ஷாவின் குரலில் அன்பு குறையவில்லை. "அது கப்பல் தொழிலாளிக்குக் குடுத்த வாக்கு. நீங்க அன்னைக்கே கட்டட வேலைக்காரர்னு இப்ப முடிவாயிடுச்சு. அப்ப உங்ககிட்ட நான் எப்படி வாக்குக் குடுத்திருக்க முடியும்? யோசிச்சுப் பாருங்க."

செவேரினோ யோசித்துப் பார்த்தான். எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை.

"பட்டாளத்துக்கு எதுல கூட்டிட்டுப் போவாங்க?"

"கப்பல்லதான். பயப்படாதீங்க, அதெல்லாம் இரும்பு."

மணல் வந்தது. கொட்டுவதற்கு ஆள் வேண்டும். அழைப்பு வந்து இன்னும் கிளம்பாத கட்டட வேலைக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் வரிசையாக நின்று கூடை கூடையாக இறக்கினார்கள். செவேரினோவும் இறக்கினான். தான் கம்பி கட்டிய அடித்தளத்தின் மேல், தன் கையால். ஒவ்வொரு கூடைக்கும் அது கொஞ்சம் இறங்கியது. வெயில் சாயும்போது அடியில் சேறு தட்டுகிற சத்தம் கேட்டது. கட்டடம் மறுபடியும் கட்டடமானது.

வீட்டுக்குப் போகும் வழியில் குழந்தையின் ஈறுக்குத் தடவ மருந்து வாங்க மருந்துக்கடையில் நின்றான். தோன் எவெலியோ தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கோவமா இருக்கியா, செவேரினோ?"

"உங்க மேலயா? நான் சொன்னதைத்தானே சொன்னீங்க."

"அதான். நீயாவது புரிஞ்சுக்கிட்டே. ரென்ஷாவும் அதையேதான் சொன்னாரு. கூட்டாம குறைக்காம சொல்ற ஆளு வேணும்னு. விசாரணைக்கு ஒரு வாரம் முன்னாடியே வந்துட்டாரு."

"எதுக்கு?"

"மொழியைப் பத்தித் தெரிஞ்சுக்க. ரொம்ப ஆர்வமுள்ள மனுஷன். உங்க பாஷைல கப்பல் ஆணா பொண்ணான்னு கேட்டாரு. கப்பல் ஆணுன்னேன். சரக்குத் தோணின்னு சொன்னா என்னன்னு கேட்டாரு. அது பொண்ணுன்னேன். ரெண்டு தடவை கேட்டுக்கிட்டாரு. நம்ம ஆளு ஒருத்தன் மறந்துகூடக் கப்பலை அவள்னு சொல்லிருவானான்னு கேட்டாரு. நம்ம பாஷைலயா, வாயே வராதுன்னேன். சந்தோஷமா சுருட்டுப் பெட்டி ஒண்ணு வெச்சிட்டுப் போனாரு." அவர் குப்பியை மூடிக் கொடுத்தார். "ஒரு சொட்டு போதும். மேல போடாதே."

செவேரினோ குப்பியை வாங்கிக்கொண்டு நின்றான். வாங்கிக்கொண்ட பிறகும் நின்றான்.

ஒப்தூலியா முழுவதையும் கேட்டாள். குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டு மருந்தைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நீ தப்பா பேசலை."

"இல்லை."

"தப்பா பேசுவேன்னு பாத்து வெச்சு நிக்க வெச்சிருக்கான்."

"ஆமா."

"ஊருக்குச் சொல்லு. இப்பவே போ."

அவன் மன்றத்துக்குப் போய்ச் சொன்னான். எல்லோரும் கேட்டார்கள். முடித்ததும் பெனிக்னோ சிரித்தான். கோபமில்லாமல்தான் சிரித்தான். அது அதைவிட மோசமாக இருந்தது.

"அவ்ளோ பெரிய மனுஷன். தன் காரை எடுத்துக்கிட்டு மருந்துக்கடைக்குப் போயி, எலக்கணம் படிச்சு, உன்னைக் குறி வெச்சாரு. உன்னை. நீ யாருடா? மந்திரியா?"

"தோன் எவெலியோவைக் கேளு."

"அந்த ஆளுதான் உன்னை மாட்டி விட்டாரு. அவரே உனக்குச் சாட்சியா?" பெனிக்னோ காயைப் போட்டான். "தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லு. போனாப் போவுதுன்னு விட்டுருவோம். கதை கட்டாதே."

செவேரினோ தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்லவில்லை.

நவம்பரில் கிளம்பினார்கள். ரயில் நிலையத்தில் ஊரே நின்றது. பெண்கள் ரொட்டியும் பன்றிக்கறியும் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். ஆண்கள் கூட்டமாக நின்றார்கள். செவேரினோவும் ஒப்தூலியாவும் தூணுக்குப் பக்கத்தில் தனியாக நின்றார்கள். குழந்தை அவன் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பல் இருந்தது.

அப்போது பெனிக்னோ கூட்டத்திலிருந்து பிரிந்து வந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"எங்கம்மா தோன் எவெலியோகிட்ட போனாங்க. அவரு அப்படித்தான் சொன்னாராம்."

"ம்."

"வண்டில பேசுவோம். இவங்களுக்கும் நான் சொல்றேன்."

அவன் இன்னும் ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் வாத்தியக் குழு தொடங்கிவிட்டது. ரென்ஷா வந்திருந்தார். கோட்டில் புதிய நாடா குத்தியிருந்தது. பெட்டஸ் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து போட்டார். ரென்ஷா ஏறினார்.

"என் அருமைக் கட்டடத் தொழிலாளிகளே. பிரிவது கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் கட்டிய கிடங்கு நூறு வருடம் நிற்கும். அங்கே இன்னும் எதையும் வைக்கவில்லை. மணல்தான் இருக்கிறது. ஆனால் தயாராக இருக்கிறது. தயாராக இருப்பதுதான் தேசபக்தி. நானும் உங்களோடு வந்திருப்பேன். ஆனால் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும்."

கைதட்டல் கொஞ்சம் வந்தது.

"போவதற்கு முன் ஒருவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்." அவர் இறங்கினார். கூட்டம் வழிவிட்டது. நேராகத் தூணுக்கு வந்து செவேரினோவின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். குழந்தை அவர் நாடாவைப் பிடிக்கக் கையை நீட்டியது.

"இந்த மனிதர் இல்லையென்றால் நம் கட்டடத்துக்கு இந்தப் பெருமை இல்லை," என்றார் ரென்ஷா, கடைசி வரிசைக்கும் கேட்கும் குரலில். "நானும் இவரும் சேர்ந்துதான் இதைச் சாதித்தோம். நான் கேட்டதை மறுக்காமல் செய்தார். நன்றி, செவேரினோ."

ஊரில் யாரையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

செவேரினோ கையை இழுத்தான். ரென்ஷா விடவில்லை. பத்திரிகைக்காரன் படம் எடுத்து முடிக்கும் வரை குலுக்கிக்கொண்டிருந்தார். ஒப்தூலியா ஏதோ கத்தினாள். வாத்தியச் சத்தத்தில் அது கேட்கவில்லை. செவேரினோ பெனிக்னோவைத் தேடினான். பெனிக்னோ அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினான்.

வண்டியில் இடம் போதவில்லை. ஒரு இருக்கையில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். நடைபாதையில் பைகளின் மேல் உட்கார்ந்தார்கள். கழிப்பறைக் கதவில் சாய்ந்து நின்றார்கள். செவேரினோ ஜன்னலோரம் ஒடுங்கி, பக்கத்து இடத்தைக் கையால் துடைத்துவிட்டான். வளைவுகளில் நிற்கிறவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். பெனிக்னோ மேலே உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கை மாற்றி மாற்றிப் பிடித்தான்.

முகாம் வரும்வரை அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை.